பனிக்கு யார் பொறுப்பு?

கனடாவிலும் அமெரிக்காவின் வட மாநிலங்களிலும் அடுத்த குளிர்காலத்துக்கான ஸ்னோமொபைலை (பனிமேல் ஓடும் வண்டி) இந்தக் குளிர்காலம் முடிவதற்குள்ளாகவே விற்றுவிடுகிறார்கள். பிப்ரவரி கடைசியிலோ மார்ச்சிலோ புது மாடல்கள் அறிவிக்கப்படும். அதற்குப் பிறகு சில வாரங்கள் முன்பதிவு. அந்த வாரங்களுக்குள் முன்பணம் கட்டியவருக்கு விரும்பிய இன்ஜின், வண்டிக்கு அடியில் சுழலும் டிராக்கில் விரும்பிய நீளம், விரும்பிய நிறம் எல்லாம் கிடைக்கும். வாரண்டியையும் கூட்டித் தருவார்கள். சில மாடல்கள் இந்த முன்பதிவைத் தவிர வேறெப்போதும் கிடைக்காது. வண்டி கைக்கு வருவது இலையுதிர் காலத்தில். சில ஆண்டுகளில் டிசம்பர்கூட ஆகிவிடும். போலாரிஸ் நிறுவனம் இதை ‘ஸ்னோசெக்’ என்ற பெயரில் நடத்துகிறது. ஸ்கீ-டூ பிராண்டுக்கும் இதே மாதிரி ஒரு வசந்தகால விற்பனை உண்டு.

வசந்தத்தில் பணம் கட்டுகிறவருக்கு டிசம்பரில் பனி பெய்யுமா என்று தெரியாது. கம்பெனிக்கும் தெரியாது. ஆனால் பெய்யாமல் போனால் நஷ்டம் யாருக்கு என்பது அந்த ரசீதில் கையெழுத்து விழும்போதே முடிவாகிவிடுகிறது. புது ஸ்னோமொபைலை எப்போது வாங்கினால் கொடுத்த காசுக்குப் பெறும் என்று கேட்பவர்கள் பொதுவாக மாதத்தைத்தான் கேட்கிறார்கள்: மார்ச்சா, செப்டம்பரா, கிறிஸ்துமஸ் சமயமா? எந்த மாதத்தில் வாங்கினால் பனி பெய்யாத அபாயம் நம் தலையில் விழாமல் இருக்கும் என்று கேட்டுப் பார்த்தால் விடை தெளிவாகக் கிடைக்கும் என்பது என் கருத்து.

விளையாட்டாகச் செலவழிக்கிற தொகை இல்லை இது. சாதாரணப் பாதைகளில் ஓட்டுகிற 600 சிசி வண்டியே பெரும்பாலும் 10,000 அமெரிக்க டாலரை ஒட்டியோ தாண்டியோதான் இருக்கும். மலைகளில் ஆழப் பனியில் ஏறுகிற 850 சிசி வண்டி 15,000 டாலரைத் தாண்டும். டர்போ வைத்ததென்றால் 20,000 டாலர் வரைக்கும் அதற்கு மேலும் போகும். ஒன்டாரியோவில் இதன்மேல் 13 சதவீத விற்பனை வரி. பிறகு ஹெல்மெட், குளிர் உடை, பூட்ஸ், வண்டியை ஏற்றிப்போக டிரெயிலர், இன்ஷூரன்ஸ், பாதைகளில் ஓட்டுவதற்கான ஆண்டு அனுமதி. டொரன்டோவிலிருந்து வடக்கே நகர்ந்து வீடு வாங்கியிருக்கும் தமிழ்க் குடும்பங்களில் பிள்ளைகள் இந்த வண்டியைக் கேட்டால் வீட்டில் விவாதம் நடக்கும். நடக்க வேண்டியதுதான். ஒரு நல்ல காரின் முன்பணத்தைவிடப் பெரிய தொகையை, ஆண்டில் மூன்று மாதம்கூட ஓடாத ஒரு பொருளில் போடப்போகிறோம்.

மூன்று மாதம் என்று சொன்னதுகூடத் தாராளம்தான். ஒன்டாரியோவில் பல்லாயிரம் கிலோமீட்டர் நீளத்துக்குப் பாதைகள் இருக்கின்றன. உள்ளூர்ச் சங்கங்களின் தன்னார்வலர்கள்தான் அவற்றைச் சமன்செய்து பராமரிக்கிறார்கள். பெரும்பகுதி தனியார் நிலங்களின் வழியே போகிறது. பனி போதாத வாரத்தில் பாதை மூடப்படும். மூடிய பாதையில் ஓட்டக் கூடாது. மாகாணத்தின் தெற்குப் பகுதியில் சில ஆண்டுகளில் பாதைகள் ஒருசில வாரங்களே திறந்திருக்கின்றன. இதற்கு நேரெதிர், மிச்சிகனின் வடமுனையில் சுப்பீரியர் ஏரிக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் கீவினா தீபகற்பம். ஏரியின் ஈரத்தை வாரிக்கொண்டு வரும் காற்று அங்கே பனியாகக் கொட்டும். 1978-79 குளிர்காலத்தில் 390.4 அங்குலம் பனி பெய்ததாக அங்கே பதிவு இருக்கிறது. கிட்டத்தட்ட 10 மீட்டர். கீவினாக்காரர் புது வண்டி வாங்குவதும், டொரன்டோவுக்கு ஒரு மணி நேரம் வடக்கே இருப்பவர் வாங்குவதும் ஒரே கணக்காக முடியாது. முதலாமவருக்குப் பனி கிட்டத்தட்ட உறுதி. இரண்டாமவர் ஒவ்வோர் ஆண்டும் வானத்தை நம்பிப் பந்தயம் கட்டுகிறார்.

அந்தப் பந்தயத்தில் தோற்றவர்களின் நிலையை 2023-24 குளிர்காலம் காட்டியது. அலாஸ்கா, ஹவாய் நீங்கலான அமெரிக்காவில் 130 ஆண்டுப் பதிவுகளிலேயே மிக வெப்பமான குளிர்காலம் அது. கனடாவிலும் நாடு முழுமைக்குமான பதிவுகளில் அதுவே மிக வெப்பமானது. எல் நினோ வலுவாக இருந்த ஆண்டு; பருவநிலை மாற்றமும் சேர்ந்துகொண்டது. ஸ்னோமொபைலின் தாய்வீடுகளில் ஒன்றான மினசோட்டாவிலேயே பல பாதைகள் திறக்கப்படவே இல்லை என்று சொல்லும் அளவுக்குப் பருவம் கழிந்துபோனது.

2023 வசந்தத்தில் முன்பதிவு செய்தவரின் நிலையை எண்ணிப் பாருங்கள். இலையுதிர் காலத்தில் வண்டி வந்துவிட்டது. கடன் தவணை தொடங்கிவிட்டது. கனடாவின் மத்திய வங்கி அந்த ஜூலையில்தான் வட்டி விகிதத்தை 5 சதவீதத்துக்கு உயர்த்தியிருந்தது. வண்டியோ கராஜில் நிற்கிறது. வாரண்டியின் காலமும் ஓடிக்கொண்டிருக்கிறது, ஏனென்றால் வண்டியை வாங்கியவரிடம் ஒப்படைத்த நாளிலிருந்து அது கணக்காகிறது. பனி பெய்ததா இல்லையா என்பது அதற்குப் பொருட்டில்லை. 2024 மார்ச் வருகிறது. அவர் வாங்கிய அதே மாடல், ஒரு கிலோமீட்டர்கூட ஓடாமல், டீலரின் முற்றத்தில் சில ஆயிரம் டாலர் குறைத்து நிற்கிறது. அதை வாங்கப்போகிறவருக்கு வாரண்டி அன்றுதான் ஆரம்பம். முந்தைய ஆண்டே முழுப் பணம் கொடுத்தவரின் வண்டியும் ஓடாததுதான். ஆனாலும் அது ‘பழைய வண்டி’. விற்கப் போனால் டீலரின் தள்ளுபடி விலைக்கும் கீழே இறங்கித்தான் விற்க வேண்டும். இரண்டு பேரும் ஒரே பொருளை வாங்கினார்கள். ஒருவர் பனிக்கு முன்பு வாங்கினார், மற்றவர் பனி பெய்யாமல் போன பிறகு வாங்கினார். வித்தியாசம் அவ்வளவுதான்.

டீலர் ஏன் அப்படி விலையை இறக்குகிறார் என்பதைப் புரிந்துகொண்டால், எப்போது போய் நின்று பேரம் பேசுவது என்பதும் புரியும். ஷோரூமில் வரிசையாக நிற்கும் வண்டிகளில் பலவும் டீலர் தன் கைக்காசில் வாங்கிவைத்தவை அல்ல. சரக்கை வாங்கி நிறுத்துவதற்கென்றே நிதி நிறுவனங்கள் கடன் தருகின்றன. முதல் சில மாதங்களுக்கு அந்தக் கடனுக்கு வட்டி இருக்காது, அல்லது கம்பெனியே கட்டிவிடும். சலுகைக் காலம் முடிந்த பிறகு ஒவ்வொரு வண்டியும் மாதாமாதம் டீலரின் பையிலிருந்து வட்டியைத் தின்னும். சில மாதங்கள் கழித்து அசலிலும் ஒரு பங்கைக் கட்டச் சொல்வார்கள். இதற்குள் ஆகஸ்ட், செப்டம்பரில் புது ஆண்டு வண்டிகள் லாரியில் வந்து இறங்கத் தொடங்கும். இடம் வேண்டும். ஆக, போன ஆண்டு மாடல் ஒன்று விற்காமல் நிற்கிறது என்றால், அதை அனுப்பிவிட வேண்டும் என்ற அவசரம் வாங்குபவரைவிட விற்பவருக்கே அதிகம். தேங்கிய சரக்கைத் தீர்க்கக் கம்பெனிகளும் தம் பங்குக்கு ரிபேட் அறிவிக்கும், குறைந்த வட்டிக் கடன் தரும். கம்பெனி தரும் தள்ளுபடியும் டீலரின் அவசரமும் ஒன்று சேருகிற காலம் மார்ச் முதல் ஆகஸ்ட் வரை. பனி பொய்த்த ஆண்டுக்கு அடுத்து வரும் கோடையில் அது உச்சத்தில் இருக்கும். 2023-24 குளிர்காலத்துக்குப் பிறகு டீலர்களிடம் குவிந்த சரக்கைக் குறைப்பதற்காக ஸ்கீ-டூவின் தாய் நிறுவனமான பிஆர்பி வண்டிகள் அனுப்புவதையே வேண்டுமென்று குறைத்தது.

இதிலிருந்தே எப்போது வாங்கக் கூடாது என்பதும் தெரிகிறது. முதல் பனி விழுந்த வாரத்தில் போகாதீர்கள். அந்த வாரம் எல்லோருக்கும் வண்டி ஞாபகம் வரும். டீலர் ஒரு டாலர்கூட விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. இலையுதிர் காலக் கண்காட்சிகள், டொரன்டோவில் அக்டோபரில் நடப்பது மாதிரி, உடைக்கும் ஹெல்மெட்டுக்கும் நல்ல சந்தை. வண்டிக்கு அப்படிச் சொல்ல மாட்டேன்.

முன்பதிவை ஆதரிப்பவர்கள் சொல்வதில் நியாயம் உண்டு. கொரோனா காலத்தில் உதிரிபாகம் கிடைக்காமல் உற்பத்தி தள்ளிப்போனபோது ஷோரூம்கள் காலியாகக் கிடந்தன. முன்பதிவு செய்தவர்களுக்குத்தான் வண்டி என்ற நிலைமை வந்தது. மலையேறுகிறவர்களின் தேவையும் வேறு. 154 அங்குல டிராக்கா, 165 அங்குலமா என்பது அவர்களுக்கு அழகுக்கான தேர்வு கிடையாது. தவறான நீளத்தைத் தள்ளுபடியில் வாங்கினால் ஐந்தாண்டும் அந்தத் தவற்றை ஓட்டிக்கொண்டிருக்க வேண்டியதுதான். ஆண்டுதோறும் 5,000 கிலோமீட்டர் ஓட்டுபவர், கீவினா மாதிரி இடத்தில் இருப்பவர், கூடுதல் வாரண்டியை உண்மையிலேயே பயன்படுத்தப்போகிறவர் — இவர்கள் வசந்தத்தில் முன்பணம் கட்டினால் நான் தவறு சொல்ல மாட்டேன்.

வண்டியையே நம்பி வாழ்பவர்களின் கதை இன்னும் வேறு. ஸ்கீ-டூ பிறந்ததே அப்படிப்பட்ட தேவையில்தான். அதை உருவாக்கியவர் கியூபெக்கின் வல்கூர் ஊர்க்காரர் ஜோசப்-அர்மாண்ட் பொம்பார்டியே. 1934 குளிர்காலத்தில் அவருடைய சிறு வயது மகன் குடல்வால் நோயில் இறந்துபோனான். பனி மூடிய சாலைகளில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வழியில்லை. பனிமேல் ஓடும் வண்டிக்காக ஏற்கெனவே பாடுபட்டுக்கொண்டிருந்த அவர் 1930-களின் பிற்பகுதியில் பலர் உட்காரக்கூடிய வண்டியை விற்பனைக்குக் கொண்டுவந்தார். 1959-இல் வந்த சிறிய ஸ்கீ-டூவைக்கூட வேட்டையாடிகளும் பொறிவைப்பவர்களும் நாய்வண்டிக்குப் பதிலாகப் பயன்படுத்துவார்கள் என்றுதான் எதிர்பார்த்தார். கனடாவின் நுனாவுட்டில் இன்றும் அதுதான் நிலைமை. ஊர்களை இணைக்கச் சாலை கிடையாது. கடல்நாய் வேட்டைக்கும் கரிபூ மான் வேட்டைக்கும் பக்கத்து ஊருக்குப் போவதற்கும் ஸ்னோமொபைல்தான். அங்கே எப்போது வாங்குவது என்பதைக் கடற்பனி தீர்மானிக்கிறது. கோடையில் பனி உருகி, கியூபெக் துறைமுகங்களிலிருந்து சரக்குக் கப்பல் வரக்கூடிய சில மாதங்களில்தான் வண்டி வந்து சேரும். தவறவிட்டால் விமானச் சரக்குக்குக் கொட்டிக்கொடுக்க வேண்டும், அல்லது அடுத்த கப்பலுக்கு ஓராண்டு காத்திருக்க வேண்டும். அங்கே வாழ்பவரிடம் போய்த் தள்ளுபடி வரும்வரை பொறுத்திருங்கள் என்று சொல்வது அநியாயம். வார இறுதியில் இன்பத்துக்காக ஓட்டுகிற நம்மைப் போன்றவர்களால் பொறுக்க முடியும். பொறுக்க முடிகிறது என்பதே நமக்கு இருக்கும் பேர வலிமை.

பனியின் அபாயத்தை வாங்குபவர் தலையில் கட்டாமலும் இந்தத் தொழிலை நடத்த முடியும் என்பதற்கு நடந்த உதாரணமே இருக்கிறது. அதை எத்தனை முறை சொன்னாலும் தகும். 1998 குளிர்காலத்தில், அப்போது ஸ்கீ-டூவைச் செய்துவந்த பொம்பார்டியே நிறுவனம் அமெரிக்காவின் மத்திய மேற்கு மாநிலங்களில் வண்டி வாங்கியவர்களுக்கு ஒரு வாக்குக் கொடுத்தது: முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரியில் பாதிகூடப் பனி பெய்யாவிட்டால் 1,000 டாலர் திருப்பித் தருகிறோம். துணிந்து சூதாடவில்லை அவர்கள். பனியளவை வைத்துக் கணக்கிடப்படும் ஒரு நிதி ஒப்பந்தத்தைச் சந்தையில் வாங்கிக்கொண்டார்கள். வண்டி ஒன்றுக்கு 45 முதல் 400 டாலர் வரை அதற்குச் செலவு. பனி பெய்தால் அந்தச் செலவோடு போயிற்று. பெய்யாவிட்டால் வாடிக்கையாளருக்குத் தரவேண்டிய 1,000 டாலரை ஒப்பந்தம் விற்றவர் தருவார். விற்பனை உயர்ந்தது. வானிலை அபாயத்தைப் பணமாக்கிக் கைமாற்றும் சந்தை அப்போது பச்சைக் குழந்தை. இன்று அது நன்றாக வளர்ந்திருக்கிறது, வானிலைத் தரவுகள் எவ்வளவோ கூடியிருக்கின்றன. ஆனால் பனி அன்றைவிட இன்று நம்பகமற்றுப் போயிருக்கும்போது, அந்த வாக்குறுதி வழக்கமாக நிலைக்கவில்லை. நிறமும் வாரண்டியும் தந்து முன்பணம் வாங்குகிறார்கள்; பனியைப் பற்றிப் பொதுவாக வாய்திறப்பதில்லை. இது எனக்கு நேர்மையான வியாபாரமாகப் படவில்லை.

கம்பெனிகளுக்கும் நெருக்கடி இருக்கிறது, மறுக்கவில்லை. 1970-களின் தொடக்கத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட நிறுவனங்கள் ஸ்னோமொபைல் செய்தன; 1971 வாக்கில் ஆண்டுக்குக் கிட்டத்தட்ட 5 லட்சம் வண்டிகள் விற்றன. பிறகு அந்த உயரத்தைத் தொழில் தொடவே இல்லை. நெடுங்காலம் நான்கு பெயர்கள் மிஞ்சியிருந்தன. அவற்றில் யமஹா, 2025 மாடலோடு வட அமெரிக்காவில் ஸ்னோமொபைலை நிறுத்திக்கொள்வதாக 2023-இல் அறிவித்தது. மினசோட்டாவின் தீஃப் ரிவர் ஃபால்ஸில் பிறந்த ஆர்க்டிக் கேட்டின் உற்பத்தியை நிறுத்திவைப்பதாக 2024 டிசம்பரில் அதன் உரிமையாளரான டெக்ஸ்ட்ரான் அறிவித்தது. 2025-இல் அது வேறு கைக்குப் போனது.

இதனால் தள்ளுபடி தேடுபவருக்கு ஒரு புதுச் சிக்கல். மிக ஆழமான தள்ளுபடி எந்த வண்டிக்குக் கிடைக்கிறதோ, அதைச் செய்த நிறுவனத்தின் எதிர்காலம் கேள்விக்குறியாக இருக்கலாம். அப்படிப்பட்ட வண்டியை வாங்கலாமா? அந்த பிராண்டைத் தொடர்ந்து பழுதுபார்க்கிற டீலர் ஒரு மணி நேரத் தொலைவுக்குள் இருந்து, பத்தாண்டு வைத்திருப்பதாக நீங்களும் முடிவெடுத்திருந்தால் வாங்கலாம். யமஹாவின் நான்கு ஸ்ட்ரோக் இன்ஜின் நீடித்து உழைப்பதற்குப் பேர்போனது. மூன்று ஆண்டில் மாற்றிவிடும் பழக்கம் உள்ளவர் தொடவேண்டாம். வாங்கும்போது மிச்சமான தொகை விற்கும்போது போய்விடும்.

டீலரின் முற்றத்தில் அந்த வண்டிக்கு முன்னால் நிற்கும்போது செய்ய வேண்டியவை சில உண்டு. மாட்டியிருக்கும் விலைச்சீட்டைப் பார்க்காதீர்கள். போக்குவரத்துக் கட்டணம், வண்டியைப் பொருத்தித் தயார்செய்யும் கட்டணம், வரி எல்லாம் சேர்த்து வாசலைத் தாண்டும்போது எவ்வளவு என்று எழுதித்தரச் சொல்லுங்கள். தள்ளுபடியைக் கையால் கொடுத்துவிட்டு இந்தக் கட்டணங்களின் வழியே திரும்ப வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். வாரண்டி எந்தத் தேதியிலிருந்து என்று கேளுங்கள். விற்பனை இலக்கை எட்டுவதற்காகக் காகிதத்தில் மட்டும் ‘விற்ற’ வண்டியாக இருந்தால் வாரண்டி எப்போதோ ஓடத் தொடங்கியிருக்கும். தயாரிப்புக் குறைபாட்டுக்காகக் கம்பெனி திரும்ப அழைத்திருந்தால் அந்த வேலை முடிந்ததா என்று வண்டி எண்ணைக் கொடுத்துச் சரிபாருங்கள். ஒரு கோடை முழுக்க நின்ற வண்டியானால் இருக்கையைத் தூக்கி மூக்கை வைத்துப் பாருங்கள். எலி புகுந்திருந்தால் வாடை காட்டிக்கொடுக்கும். கடித்துவிட்ட ஒயரைத் தேடிப்பிடிப்பது தலைவலி. பேட்டரியைப் புதிதாகப் போட்டுத்தரச் சொல்வது நியாயமான கோரிக்கை.

தேங்கிய புது வண்டி உங்கள் அளவுக்குக் கிடைக்கவில்லையென்றால், ஓரிரு பருவம் ஓடிய வண்டியைப் பாருங்கள். பனி பொய்த்த ஆண்டில் வாங்கி அதிகம் ஓட்டாமலே விட்டவர்களின் வண்டிகளும் சந்தையில் வரும். பின்பக்கம் தூக்கி, டிராக்கின் உள்ளே போகும் தண்டவாளங்களின் அடியில் இருக்கும் பிளாஸ்டிக் பட்டையைத் தடவிப் பாருங்கள். பனி குறைவான, கட்டாந்தரையான பாதையில் ஓட்டியிருந்தால் அது தேய்ந்து மெலிந்திருக்கும். டிராக்கின் ரப்பர்ப் பற்கள் சில கிழிந்திருந்தாலும் அதே கதைதான். மீட்டர் எத்தனை கிலோமீட்டர் காட்டினாலும் இந்த இரண்டும் பொய்சொல்லாது.

எங்கே வாழ்ந்தாலும் ஒரு வேலையை முதலில் செய்துவிடுங்கள். உங்கள் ஊர்ச் சங்கத்தாரிடம் போய், கடந்த ஐந்து குளிர்காலங்களில் பாதை எத்தனை நாள் திறந்திருந்தது என்று கேளுங்கள். மொத்தச் செலவை அந்த நாட்களால் வகுங்கள். வருகிற தொகையைப் பார்த்தால், சில குடும்பங்களுக்கு வண்டியை வாடகைக்கு எடுத்து ஓட்டுவதே போதும் என்று தெரிந்துவிடும். அப்படித் தெரிந்தால் வாங்காதீர்கள். பிள்ளைகள் வருத்தப்படுவார்கள், ஆனால் பனியில்லாத ஜனவரியில் கராஜில் நிற்கும் வண்டிக்குத் தவணை கட்டுகிற வருத்தம் இன்னும் பெரியது.

கம்பெனிகளிடம் கேட்க வேண்டியது ஒன்றுதான். 1998-இல் கொடுத்த வாக்கை மறுபடியும் கொடுங்கள். அந்தச் செலவை விலையில் சேர்த்துக்கொண்டாலும் பரவாயில்லை. பனி பெய்யாவிட்டால் இவ்வளவு திரும்பத் தருகிறோம் என்று எழுத்தில் வரும்வரை, வசந்தத்தில் முன்பணம் கேட்கும் டீலரிடம் போன ஆண்டு வண்டி ஏதாவது நிற்கிறதா என்று கேளுங்கள். நின்றால் அதை வாங்குங்கள்.